காலிக் கடையின் மதிப்பு

வரலாறு எழுதுகிறவர்கள் பேனாவில் மை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். எங்கள் ஊரின் நான்காவது மறுமலர்ச்சி வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நகர மறுமலர்ச்சி முதலீட்டுக் கழகத்தின் கூட்ட அறையில் தொடங்க இருக்கிறது. முதல் மூன்று மறுமலர்ச்சிகளைத் தவறவிட்டவர்கள் வருந்த வேண்டாம். அவற்றைப் பார்த்தவர்கள் என்று யாரும் இல்லை. நாற்காலிகள் குறைவாக இருப்பதால் பொதுமக்கள் அவரவர் வீட்டிலிருந்தபடியே பெருமைப்பட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்த அறிவிப்பு கழகத்தின் வாசலில் ஒட்டப்பட்ட அன்றுதான் லாந்தருக்குக் கடிதம் வந்தது.

லாந்தர் என்பது அவருக்குச் சுரங்கத்தில் வைத்த பெயர். இங்கே நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் முப்பத்தொரு வருடம் விளக்கறையில் இருந்தார். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அவரிடம் கொடுத்துவிட்டு ஒரு விளக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வில்லையை இரும்புப் பலகையில் அவனுடைய கொக்கியில் மாட்டுவார். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலகையில் வில்லை தொங்குகிறது என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். கடைசி வில்லை போகும்வரை லாந்தர் வீட்டுக்குப் போக மாட்டார். இரண்டு முறை அவர் வீட்டுக்கே போகவில்லை. ஒரு தடவை மூன்று நாள், ஒரு தடவை ஒன்பது நாள்.

பதினொரு வருடத்துக்கு முன் சுரங்கத்தை மூடினார்கள். கடைசி நாள் மேலே வந்தவர்கள் வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது. சுரங்கத்தின் கட்டடங்களைக் கழகம் எடுத்துக்கொண்டு, இடித்தது போக மிச்சத்துக்குக் கண்ணாடி மாட்டி, 'கருவைர வணிக வளாகம்' என்று பெயர் வைத்தது. இருபத்து நான்கு கடைகள். இருபத்து மூன்றில் யாரும் இல்லை. இருபத்து நான்காவது பழைய விளக்கறை. அதில் லாந்தர் டார்ச், இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பாட்டரிகள் வைத்திருந்த அறையில் அவரும் மனைவியும் குடித்தனம். வாடகை மாதம் அறுநூறு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த மாதக் கடைசியில் அது முடிகிறது. வந்து பார்க்கவும் என்றது கடிதம்.

கழகத்தின் அலுவலகம் முன்பு தொழிலாளிகள் கரி போகக் குளிக்கிற கூடமாக இருந்தது. குழாய்களைப் பிடுங்கிய ஓட்டைகள் சுவர் நெடுகிலும் இருந்தன. ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு நற்சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். சான்றிதழ்கள் போதாத இடத்தில் தலைமை அதிகாரியின் புகைப்படம்.

"உட்காருங்க பெரியவரே," என்றார் தலைமை அதிகாரி. "மூணு மாசமா இங்க உங்களைப் பத்தித்தான் பேச்சு."

"எதுக்கு சார்? வாடகையை ஒண்ணாந்தேதியே கட்டிடறேனே."

"அதாங்க பிரச்சினை."

லாந்தர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"பொறுமையாக் கேளுங்க. வளாகத்துல ஒரு காலிக் கடைக்கு வாடகை என்ன? நாற்பதாயிரம்."

"யாரு சார் குடுக்கறாங்க?"

"யாரும் குடுக்கல. காலியா இருக்குன்னு சொன்னேனே. இருபத்துமூணு கடையும் நாங்க நாற்பதாயிரம் பெறுவோம்னு சொல்லிக்கிட்டு நிக்குது. யாரும் மறுத்துப் பேசல. அந்த மதிப்பை வெச்சுத்தான் பேங்க்ல கடன் வாங்கியிருக்கோம். நீங்க ஒருத்தர்தான் மாசாமாசம் அறுநூறைக் கட்டி, ரசீதும் வாங்கி, இந்தக் கட்டடத்துல நிஜமா கிடைக்கிற வாடகை அறுநூறுன்னு நிரூபிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு ஊருக்கு ஒரு மனுஷன் செய்யக்கூடிய துரோகத்துல... வார்த்தையைத் தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்."

"போன மாசம் ரொட்டிக்கடைக்காரர் வந்தாரு. மூணாம் நம்பர் கடைக்கு ரெண்டாயிரம் தர்றேன்னாரு. கையில பணத்தோட. காவலாளியை விட்டு வெளிய அனுப்பினோம்."

"நல்ல மனுஷனாச்சே சார் அவரு."

"நல்லவரா இருக்கட்டும். ரெண்டாயிரத்துக்கு ஒரு கடையை விட்டா இருபத்துநாலும் ரெண்டாயிரம் ஆயிடும். கடன் கழுத்துக்கு வந்துடும். நாங்க கட்டடத்தைக் காப்பாத்தறோம் பெரியவரே. வர்றவங்ககிட்டேருந்து."

பிறகு அவர் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று தடிமனாக, முத்திரையோடு இருந்தது. லாந்தர் மாதம் நாற்பதாயிரம் வாடகை தர மனமுவந்து சம்மதிப்பதாகச் சொன்னது. இன்னொன்று மெல்லிய தாள். அந்த நாற்பதாயிரத்தில் முப்பத்தொன்பதாயிரத்து நானூறைக் கழகமே ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்ளும் என்றது.

"அப்போ நான் கட்டவேண்டியது?"

"அறுநூறு. ஆனா கௌரவம் நாற்பதாயிரத்துக்கு."

லாந்தரின் மனைவி வளாகத்தில்தான் வேலை பார்த்தாள். இருபத்து மூன்று காலிக் கடைகளின் கண்ணாடியையும் தரையையும் தினமும் துடைக்க வேண்டும். எப்போது எந்த முதலீட்டாளர் வருவார் என்று சொல்ல முடியாது. பதினொரு வருடத்தில் ஒருவர் வந்தார். அவரும் கழிவறை எங்கே என்று கேட்டவர்.

அன்று மாலை அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, தடித் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, நாற்பதாயிரம் வாடகைக்கு இருக்கிறவங்க வீட்ல உட்கார ஒரு ஸ்டூல்தான் இருக்கு."

"அறுநூறுதான் கட்டணும்னு சொல்றாரு."

"கையெழுத்து போடலைன்னா?"

"காலி பண்ணணும்."

"காலி பண்ணிட்டா?"

"இதுக்கும் நாற்பதாயிரம் மதிப்பு வந்துடுமாம்."

அவள் தாளை மடித்து அவரிடம் கொடுத்தாள். "நாம இல்லாம இருக்கறதுக்கு இவ்வளவு விலை இருக்குன்னு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சே. அந்தச் சின்னத் தாளை மட்டும் கைவிட்டுடாதீங்க. நகல் வாங்கிட்டு வாங்க."

லாந்தர் மறுநாள் போய் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பெரிய தாளுக்கு மூன்று நகல் கொடுத்தார்கள். சின்னத் தாளுக்கு நகல் கேட்டபோது தலைமை அதிகாரி அவர் தோளில் கை வைத்தார்.

"உங்க வீட்ல ஈரம், எலி. தொலைஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம். எங்க இரும்புப் பெட்டியிலயே பத்திரமா இருக்கட்டும்."

லாந்தருக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வில்லைகளைப் பத்திரமாக வைத்திருந்தவர். ஒருவரிடம் ஒன்றை நம்பிக் கொடுத்தால் கேட்கும்போது திரும்ப வரும் என்பது அவருடைய தொழிலின் அடிப்படை.

வியாழக்கிழமை வந்தது. வளாகத்துக்குப் புதிய கடன் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளரும் வங்கியிலிருந்து ஓர் அம்மாளும் வந்தார்கள். கட்டடத்தின் மதிப்பைப் போலவே அதற்குள் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதும் முக்கியமாம். அதற்காக வாசலில் ஆள் கடந்தால் எண்ணுகிற மெஷின் ஒன்று பொருத்தியிருந்தார்கள். கடந்து போக ஆட்கள் வேண்டுமே. பழைய சுரங்கத் தொழிலாளிகள் நாற்பத்தொரு பேரை, தலைக்கு ஒரு தேநீரும் ரொட்டியும் என்று பேசி, கழகம் வாடிக்கையாளர்களாக நியமித்தது.

"முன்வாசல் வழியா உள்ள போங்க, பின்வாசல் வழியா வெளிய வாங்க, சுத்தி வந்து திரும்ப உள்ள போங்க," என்று தலைமை அதிகாரி சொல்லிக்கொடுத்தார். "சந்தோஷமாப் போங்க. பொருள் வாங்க வந்தவங்க மாதிரி."

நாற்பத்தொரு பேரும் அந்த வாசலுக்கு வந்ததும் நின்றார்கள். பதினொரு வருடமாக அவர்களில் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. ஒருவன் தன்னையறியாமல் சட்டைப் பையைத் துழாவி, தீப்பெட்டியை எடுத்து வாசலில் வைத்தான். சுரங்கத்துக்குள் தீப்பெட்டி கூடாது. பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். பிறகு எல்லோரும் நேராக விளக்கறைக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

"என்னடா?" என்றார் லாந்தர்.

"என்ன என்னடா? உள்ள போகணுமில்ல," என்றான் முன்னால் நின்றவன். இவனுக்கு இருட்டு என்று பெயர். கரி வெட்டும் முகப்பில் இருபத்தாறு வருடம் இருந்தவன். பித்தளை வில்லையை எடுத்து நீட்டினான். "விளக்குதான் இல்ல. இதையாவது மாட்டு மச்சான்."

லாந்தர் மாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்? நாற்பத்தொரு வில்லை, நாற்பத்தொரு கொக்கி.

வாடிக்கையாளர்கள் உள்ளே போனார்கள். ஒருவர் பின் ஒருவராக, சுவரை ஒட்டி, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு, கூரை இடிக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. கண்ணாடிக்குள் பார்க்கவும் இல்லை. வாசல் மெஷின் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப ஒழுக்கமான சந்தை," என்று வங்கி அம்மாள் எழுதிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் லாந்தரின் கடைக்கு வந்தார். நாற்பதாயிரம் வாடகை தருகிற கடையை ஒருமுறை பார்க்க விரும்பினார். மேஜையில் கழற்றிப் போட்ட ஒரு இஸ்திரிப்பெட்டியும், வரிசைக்கு வைத்த நான்கு டார்ச்களும் இருந்தன.

"நல்ல வியாபாரமா?"

லாந்தர் தலைமை அதிகாரியைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஓடுது சார்."

"அடித்தளம் எப்படி? கட்டடத்துக்குக் கீழே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். இருந்ததையெல்லாம் நாங்கதான் எடுத்துட்டோமே."

'கீழே ஒன்றும் இல்லை. சாதகம்' என்று மதிப்பீட்டாளர் குறித்துக்கொண்டார்.

மணி இரண்டானது. சுரங்கம் இருந்த காலத்தில் இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். காலை முறை வேலை முடியும். இப்போது சங்கு இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி, வரிசையாக வெளியே வந்து, வில்லையை வாங்கிக்கொண்டு, தேநீர் எங்கே என்று கேட்டார்கள். வளாகம் மூன்று நிமிடத்தில் காலி. தலைமை அதிகாரி இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் சமாளித்தார்.

"மதிய இடைவேளை," என்றார். "நாகரிகமான ஊர்கள்ல எல்லாம் இருக்கு."

வாசலை மூடிவிட்டுக் கூட்ட அறைக்குப் போகலாம் என்று எல்லோரும் நகர்ந்தபோது லாந்தர் குறுக்கே வந்து நின்றார்.

"கதவைப் பூட்டக்கூடாது சார். ஒருத்தன் உள்ள இருக்கான்."

"யாரு?"

"நாற்பத்தொரு பேர் உள்ள போனாங்க. நாற்பது பேர்தான் வந்திருக்காங்க. இருட்டோட வில்லை இன்னும் தொங்குது."

மதிப்பீட்டாளர் வாசல் மெஷினைப் பார்த்தார். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. பிறகு இரும்புப் பலகையைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு வில்லை.

"பெரியவரே, மெஷின் நாலாயிரத்துச் சொச்சம்னு சொல்லுது. நீங்க நாற்பத்தொண்ணுங்கறீங்க. எது சரி?"

தலைமை அதிகாரி கண்ணால், புருவத்தால், கடைசியில் காலால்கூடச் சைகை காட்டினார். லாந்தர் கவனிக்கவில்லை. வில்லை தொங்கும்போது அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"பலகைதான் சரி சார். மெஷினுக்கு ஆளுங்களைத் தெரியாது. முதல்ல அவனைத் தேடலாம்."

தேடினார்கள். இருட்டு பதினேழாம் கடைக்குள், வெறும் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில்தான் முன்பு கூண்டு வந்து நிற்கும். ஆட்களைக் கீழே இறக்குகிற, மேலே ஏற்றுகிற கூண்டு.

"என்னடா இங்க?" என்றார் லாந்தர்.

"கூண்டு வரட்டும்னு உட்கார்ந்தேன் மச்சான்," என்றான் இருட்டு. கொஞ்சம் யோசித்தான். "வராது இல்ல?"

"வராதுடா. எழுந்திரு."

வங்கி அம்மாள் எட்டிப் பார்த்து, படிவத்தில் பதினேழாம் எண்ணுக்கு நேரே 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினார்.

தலைமை அதிகாரி அந்த இடத்திலேயே, நின்றபடியே, ஒரு சிற்றுரை ஆற்றினார். "எந்த ஊருக்கும் ரெண்டு கணக்கு உண்டு. பெரியவரோட பலகை, எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்லுது. எங்க மெஷின், எத்தனை பேர் வந்திருக்கணும்னு சொல்லுது. நாங்க இருக்கறதை நம்பி முதலீடு பண்ணியிருந்தா இந்த ஊர்ல ஒரு செங்கல்கூட வாங்கியிருக்க மாட்டோம். இல்லாததை நம்பினதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

மதிப்பீட்டாளர் வங்கி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் படிவத்தைப் புரட்டினார். "மெஷினுக்குக் கட்டம் இருக்கு. பலகைக்குக் கட்டம் இல்ல."

"அப்போ சரி," என்றார் மதிப்பீட்டாளர்.

இப்படியாக நான்காவது மறுமலர்ச்சி நிறைவேறியது. வளாகத்தின் மதிப்பு மூன்று மடங்கானது. அந்த மதிப்பின் மேல் புதுக் கடன் கிடைத்தது. அதை வைத்து முதல் மூன்று மறுமலர்ச்சிகளின் கடனைக் கட்டினார்கள். மிச்சத்தில் தலைமை அதிகாரியின் அறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு அன்றைய ரொட்டிக்கான காசு மட்டும் இன்னும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து வங்கியிலிருந்து லாந்தருக்கு ஒரு கடிதம் வந்தது. புதுக் கடனின் நிபந்தனைப்படி, வளாகத்தின் வாடகையை இனி வங்கியே நேரடியாக வசூலிக்கும். மூன்று மாத பாக்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் அவர் கட்டிய ஆயிரத்து எண்ணூறு போக மீதியை உடனே செலுத்தவும்.

லாந்தர் கழகத்துக்கு ஓடினார்.

"அந்தச் சின்னத் தாள் சார். இரும்புப் பெட்டியில இருக்கே. அதை எடுத்து பேங்க்ல காட்டிட்டா போதும்."

தலைமை அதிகாரி அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குரல் மிகவும் கனிவாக இருந்தது.

"யோசிச்சுப் பாருங்க பெரியவரே. அப்படி ஒரு தாள் இருந்தா என்ன அர்த்தம்? நாங்க பேங்க்கை ஏமாத்தினோம்னு அர்த்தம். நாங்க ஏமாத்தறவங்களா?"

"இல்ல சார்."

"அப்போ அப்படி ஒரு தாள் இருக்க முடியாது."

லாந்தர் தண்ணீரைக் குடித்தார். வாதத்தில் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை; எனக்கும் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. ஒரு வாரத்துல காலி பண்ணிடுங்க. பாக்கியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி நானே பேசறேன். பேங்க்குக்கும் சந்தோஷம்தான். வாடகை கட்டாத ஆள் ஒருத்தர் இருக்கறதைவிட வாடகை கட்டக்கூடிய ஆள் இல்லாம இருக்கறது எவ்வளவோ மேல்."

"எங்க சார் போறது?"

"அது உங்க சுதந்திரம்."

அன்று லாந்தர் வீட்டுக்கு வந்தபோது மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காவலாளி சொல்லியிருந்தான்.

"நகல் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் என்றைக்குமே பேசவில்லை. அதுதான் லாந்தருக்குத் தாங்க முடியவில்லை.

கழகத்திலிருந்து அவளுக்கும் ஒரு சேதி வந்தது. அவள் வேலைக்கு ஆபத்தில்லை, விரும்பினால் தொடரலாம். இனி இருபத்து நான்காவது கடையையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். கூலியில் மாற்றம் இல்லை.

"அக்கா, என்ன சொல்லட்டும்?" என்றான் சேதி கொண்டுவந்த காவலாளி.

"இருபத்துநாலாவதை இத்தனை வருஷமா சும்மாவே துடைச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லுப்பா," என்றாள். துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில், அவளுடைய தங்கை இருக்கிற ஊருக்குக் கிளம்பினார்கள். தங்கை வீட்டில் ஒரே அறைதான். அவள் வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. இருட்டு வந்து மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தான்.

"மச்சான், பலகையை எடுத்துக்கலையா?"

"தங்கச்சி வீட்ல மாட்ட சுவர் இல்லடா."

பத்து மணிக்கு வளாகத்தில் விழா. ஆதாரம் என்று சொல்லத்தக்க ஒரே ஆளும் போய்விட்டதால், இருபத்து நான்கு கடைகளும் ஒரே சீராக, யாருடைய குறுக்கீடும் இல்லாமல், நாற்பதாயிரத்தை எட்டியிருந்தன. தலைமை அதிகாரி பேசினார்.

"இந்த மண்ணுக்கு அடியில் இருந்ததை எடுத்து விற்றார்கள் நம் முன்னோர்கள். அது தீர்ந்துபோனது. இப்போது நாம் விற்பது காலி இடம். அது தீரவே தீராது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். எவ்வளவு பெரிய எதிர்காலம் என்று புரியும்."

கைதட்டல் அடங்கியதும் வாசலில் இருந்த மின்விளக்குப் பலகையை ஏற்றினார்கள். 'கருவைர வணிக' வரை எரிந்தது. மீதி எரியவில்லை. தட்டிப் பார்த்தார்கள். ஒயரை அசைத்துப் பார்த்தார்கள்.

"லாந்தரைக் கூப்பிடு," என்றார் தலைமை அதிகாரி, பழக்கத்தில்.

யாரும் நகரவில்லை. காவலாளி மட்டும் ஒரு மரியாதைக்காக விளக்கறை வரை போய்ப் பார்த்தான். கடை காலி. தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. இரும்புப் பலகையில் ஏழாம் எண் கொக்கியில் ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு லாந்தருடைய எண். மறந்து விட்டுப்போனாரா, மாட்டிவிட்டுப் போனாரா என்று காவலாளிக்குத் தெரியவில்லை. பலகையின் கணக்குப்படி அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

அந்த வார இறுதியில் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி, பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போட்டார்கள். பலகை முப்பத்தெட்டுக் கிலோ இருந்தது. அவர் வில்லையைத் தனியாக எடுத்தார். பித்தளைக்கு விலை வேறு. கருவைர வணிக வளாகத்தில் லாந்தர் போன பிறகு நடந்த வியாபாரம் இன்றுவரை அது ஒன்றுதான்.